வெளியே விடாத மூச்சு

தம்பி, தங்கச்சிமாரே, எக்ஸ்ரே பகுதிக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். இயந்திரத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் படித்த இயந்திரங்கள் எல்லாம் இப்போது பழைய இரும்பு. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த சி.டி. ஸ்கான் இயந்திரம்கூட உங்களுக்குப் பழசாகத்தான் தெரியும். ஆகவே ஆட்களைப் பற்றியே சொல்கிறேன்.

தலையைப் படம் எடுக்கும்போது நோயாளி அசையாமல் கிடந்தால் போதும். நெஞ்சு அப்படியல்ல. அங்கே நோயாளியும் எங்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மூச்சை இழு என்றால் இழுக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். ஆண்டுக்கணக்காக மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் ஒருவருடைய நுரையீரல் பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அது எப்படி வேலை செய்கிறது, உள்ளே போன காற்று ஒழுங்காக வெளியே வருகிறதா என்பதுதான் மற்றப் பாதி. அந்தப் பாதிக்கு விடை வேண்டுமென்றால் நோயாளி மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, அப்படியே சில கணம் கிடக்க வேண்டும். மூச்சு முட்டும் ஒருவரிடம் நாங்கள் கேட்பது அதைத்தான். அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது நஸீரா வந்த நாளில்தான் எனக்குச் சரியாக விளங்கியது.

நஸீராவுக்கு அப்போது நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கணவர் ஜமாலோடு எங்கள் வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா. ஜமால் நெல் வாங்கி விற்கிறவர். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாக ஊரை விட்டு வெளியேறி, புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே நஸீராவைக் கலியாணம் செய்து, பிறகு தகப்பனுடைய காணிக்குத் திரும்பி வந்தவர். நஸீரா புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவா. முல்லைத்தீவு அவாவுக்குக் கணவனுடைய ஊர், அவ்வளவுதான்.

அங்கே வந்த பிறகுதான் மூச்சு முட்டத் தொடங்கியது. முதலில் மழைக்காலத்தில். பிறகு எந்தக் காலத்திலும். கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள் மூச்சு வாங்க ஓரிடத்தில் இருந்துவிட வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குழாயை வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். அவா பாதியில் நிறுத்திவிட்டா. ஒவ்வொரு முறையும் பாதிதான். ‘முயற்சி போதாது’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நாங்கள் அந்த இரண்டு சொல்லையும் எந்த யோசனையும் இல்லாமல்தான் எழுதுகிறோம். பரிசோதனை சரிவரவில்லை என்பதே எங்களுக்கு அதன் பொருள். ஜமால் அதை வேறு விதமாக வாசித்தார்: மனிசி வேண்டுமென்றே ஊதவில்லை.

ஏனென்றால் அவரிடம் வேறொரு சாட்சியும் இருந்தது. நஸீரா புத்தளத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனால் மூச்சு நன்றாக இருக்கும். ஒரு கிழமை, ஏழெட்டு நாள், நின்றால் இருமல் குறையும். இரண்டு கிழமை நின்றால் படி ஏறுவா, சமைப்பா, சிரிப்பா. திரும்பி முல்லைத்தீவுக்கு வந்த சில நாளில் மறுபடியும் தொடங்கும். இதைப் பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். மனிசிக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. இது மனதின் வருத்தம், உடம்பில் நோய் இல்லை. சிலர் இரக்கத்தோடு சொன்னார்கள், சிலர் வேறு மாதிரிச் சொன்னார்கள்.

எங்கள் நெஞ்சு நோய் வைத்தியர் அதிகம் பேசாதவா. நஸீராவின் முதுகில் நெடுநேரம் கேட்டுவிட்டு ஸ்கானுக்கு அனுப்பினா. மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு முறை, முழுக்க வெளியே விட்டு ஒரு முறை, இரண்டும் வேண்டும் என்று கேட்டிருந்தா.

அன்று என்னோடு வேலையில் இருந்தவர் ராஜன். என்னை விட வயதில் நன்றாக இளையவர், கெட்டிக்காரர். நஸீரா உள்ளே வரும்போது ஜமாலும் கூடவே வந்து கதவடியில் நின்றார்.

“இவவுக்கு ஒண்டும் இல்லை, மிஸ்,” என்றார். கோபமாக அல்ல, களைப்பாகச் சொன்னார். “டொக்டர் சொன்னதால கூட்டி வந்தனான். இதிலயும் ஒண்டும் இல்லையெண்டா, இவவ புத்தளத்திலயே விட்டிடப் போறன். பிள்ளையளோட அங்க இருக்கட்டும். நான் இஞ்ச காணியப் பாக்கிறன்.”

நஸீரா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. அது அவாவுக்குப் புதிய செய்தி அல்ல என்பது முகத்தில் தெரிந்தது.

முதல் ஸ்கான் நன்றாக வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தா. படத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அங்கங்கே லேசான நிற வித்தியாசம் இருந்தது, ஆனால் அதை வைத்து எவரும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவதுக்கு நான் ஒலிவாங்கியில் சொன்னேன்: “இப்ப மூச்சை வெளியில விடுங்கோ. முழுக்க விடுங்கோ. அப்பிடியே கிடவுங்கோ.” எடுத்தோம்.

இரண்டாவது படமும் முதலாவது போலவே இருந்தது.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. கனகராயன்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வான் வண்டி புரண்டுவிட்டது, சாரதிக்குத் தலையில் அடி, அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, ஸ்கான் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள்.

ராஜன் என்னைப் பார்த்தார். “அக்கா, இரண்டும் எடுத்தாச்சுதானே. இறக்குவமோ?”

எடுத்தாயிற்றுதான். கேட்டது இரண்டு, கையில் இருப்பதும் இரண்டு. இனி அறிக்கை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள்: காற்று எங்கும் தங்கவில்லை, நுரையீரல் சாதாரணம். ஆனால் நான் மூச்சுக்குழாய் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தேன். மூச்சை வெளியே விட்டால் அந்தக் குழாயின் பின்பக்கம் உள்ளே அமுங்கி, பிறை போல வரும். நஸீராவுடையது நல்ல வட்டமாக இருந்தது. அவா மூச்சை விடவேயில்லை.

இப்படிப்பட்ட படத்தைப் பற்றி நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். மங்கிப் போன படம், தான் பழுது என்பதைத் தானே சொல்லிவிடும். இது தெளிவாக இருக்கும், அழகாக இருக்கும், கேட்கப்படாத ஒரு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும்.

“விடேல்லை, ராஜன். இது திரும்ப எடுக்கவேணும்.”

“சாரதி வரப்போறார், அக்கா.”

“ஓம். அவர்தான் முதல்.”

அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மேசையை விட்டு நஸீராவை இறக்கினோம். ஆனால் வெளியே ஜமால் சைக்கிள் நிறுத்துமிடம் வரை போய்விட்டார். முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார். இன்று போனால் இவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல ‘நானா’ என்று கூப்பிட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன்.

“நானா, கொஞ்சம் நில்லுங்கோ. ஒரு படம் சரிவரேல்லை.”

“மெசின் பிழையோ?”

“இல்லை. நாங்கள் இன்னொருக்கா முயற்சி செய்யவேணும்.”

“அவ செய்ய மாட்டா, மிஸ். ஊதச் சொன்னாலும் செய்ய மாட்டா. எனக்குத் தெரியும்.”

“அடுத்த பஸ்ஸில போங்கோ. நான் கேக்கிறன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மதில் ஓரத்தில் போய் நின்றார்.

வைத்தியருக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். திரும்ப எடுப்பதென்றால் நோயாளியின் உடம்பில் இன்னுமொரு தடவை கதிர் படும். அதை என் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. வைத்தியர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இந்த முறை விடுவா எண்டு உங்களுக்கு நம்பிக்கையோ?”

“இன்னும் இல்லை, டொக்டர்.”

“அப்ப முதல் கதிரையில இருத்திச் செய்விச்சுப் பாருங்கோ. அங்க சரிவந்தா மேசையில ஏத்துங்கோ. சில இடத்தில மட்டும் எடுத்தாப் போதும். சரிவராட்டி விடுங்கோ, நான் வேற வழி பாக்கிறன்.”

இந்தப் பதிலை நான் பல முறை நினைத்ததுண்டு. எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. எது நடந்தால் எடுக்கலாம் என்று சொன்னா.

சாரதியை உள்ளே கொண்டுவந்தார்கள். ராஜன் அவரைப் பார்த்துக்கொண்டார். நான் நஸீராவைப் பக்கத்தில் உடுப்பு மாற்றும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, கதிரையில் இருத்தினேன்.

“மூச்சை வெளியில விடுங்கோ, பாப்பம்.”

விட்டா. என் கையை அவாவின் விலாவில் வைத்திருந்தேன். கொஞ்சம் இறங்கியது, பிறகு கல் போல நின்றுவிட்டது.

“இன்னும்.”

“அவ்வளவுதான், மிஸ்.”

“இல்லைப் பிள்ளை, உள்ளுக்க இன்னும் கிடக்கு. பயமாக் கிடக்கோ? விட்டா திரும்ப வராது எண்டு பயமோ?”

தலையை ஆட்டினா. இல்லை என்று. நான் எதிர்பார்த்தது அந்தப் பயத்தைத்தான், அதற்கான ஆறுதலும் என் வாயில் தயாராக இருந்தது. அது தேவைப்படவில்லை. விலாவில் வைத்த கையை எடுக்காமல் இருந்தேன். அவாவே சொன்னா.

“முழுசா விட்டா இருமல் வரும், மிஸ்.”

“வந்தா என்ன?”

“வந்தா நிக்காது. இவருக்கு முன்னால இருமினா, தொடங்கீட்டா எண்டு எழும்பிப் போயிருவார். மாமியும் ஒரு மாதிரிப் பாப்பா. பிள்ளையளும் பாக்கும். அதால நான் அந்த இடத்துக்கு மூச்சை விடுறதில்லை. அரைவாசியில நிப்பாட்டிருவன். இப்ப பழகிப் போச்சு.”

அதைச் சொல்லும்போது அவா அழவில்லை. ஒரு சமையல் முறையைச் சொல்வது போலச் சொன்னா. நம்ப மாட்டார்கள் என்பதற்காக இருமலை அடக்கப் பழகியிருக்கிறா. அடக்கப் பழகியதால் ஊதும் பரிசோதனையில் தோற்றிருக்கிறா. தோற்றதால் இன்னும் நம்பாமல் விட்டிருக்கிறார்கள்.

“இஞ்ச இருமலாம்,” என்றேன். “கதவு சாத்திக் கிடக்கு. நானும் நீங்களும்தான். எவ்வளவு வேணுமெண்டாலும் இருமுங்கோ. இருமி முடிய நாங்கள் பாப்பம்.”

அவா நம்பாமல் பார்த்தா. பிறகு மூச்சை விட்டா, கடைசி வரைக்கும். இருமல் வந்தது. வறட்டு இருமல், உடம்பையே உலுக்கும் இருமல். முந்தானையால் வாயைப் பொத்தப் போனா. நான் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். கண்ணால் தண்ணீர் ஓட, கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருமினா. முடிந்ததும் என்னைப் பார்த்த முகத்தில் வெட்கமும் இருந்தது, ஏதோ பாரத்தை இறக்கியது போலவும் இருந்தது.

“திரும்ப,” என்றேன்.

இரண்டாம் முறை இருமல் குறைவு. அதற்குப் பிறகு, மூச்சின் கடைசிக்கும் இருமலின் தொடக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருப்பதைக் கண்டுகொண்டோம். அந்த இடைவெளி எங்களுக்குப் போதும். அடுப்பு ஊதுவது போல, குழலில் ஊதுவது போல, இன்னும், இன்னும் என்று நான் சொல்லச் சொல்ல, என் கைக்குக் கீழே விலா இறங்கிக்கொண்டே போனது. பிறகு நிலத்தில் ஒரு துணியை விரித்துப் படுக்கவைத்தும் செய்து பார்த்தோம். மேசையில் கிடந்து செய்ய வேண்டியதை நிலத்தில் கிடந்து செய்ய முடிந்தது.

சாரதியின் ஸ்கான் முடிந்து அவரைச் சத்திர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். ராஜன் கதவைத் தட்டினார். “அக்கா, நீங்கள் உள்ளுக்க நில்லுங்கோ. நான் எடுக்கிறன். அவாவுக்கு நீங்கள் பக்கத்தில நிண்டு சொன்னாத்தான் சரிவரும்.”

ஈய மேலங்கியைப் போட்டுக்கொண்டு நான் மேசையருகில் நின்றேன். அது எங்கள் வழக்கம் அல்ல. ஆனால் அன்று ஒலிவாங்கியில் வரும் குரல் போதாது என்று ராஜனுக்கும் விளங்கியிருந்தது. “விடுங்கோ, இன்னும், இன்னும், இன்னும். அப்பிடியே.” நஸீராவின் கண் என் முகத்தில் நின்றது. இயந்திரம் சுற்றி நின்றதும் இருமல் வந்தது.

இயக்கும் அறைக்குள் போனபோது ராஜன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மூச்சுக்குழாய் பிறை போல அமுங்கியிருந்தது. காற்றுப் போன இடமெல்லாம் சாம்பல் நிறமாக மாறியிருந்தது. அந்தச் சாம்பலுக்கு நடுவே, இரண்டு பக்கமும், திட்டுத் திட்டாகக் கறுப்பு. அங்கெல்லாம் காற்று உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் கிடந்தது. முயன்றும் வெளியே வராத காற்று. அதை எந்த மனிசியும் நடிக்க முடியாது.

“கடவுளே,” என்றார் ராஜன், மெதுவாக.

நாங்கள் நோயாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது எங்கள் வேலை அல்ல. அன்று அப்படிப் பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வைத்தியருக்குத் தகவல் கொடுத்தேன். அவா கிளினிக்கை முடித்துக்கொண்டு நேரே வந்து, படத்தைப் பார்த்து, இருவரையும் அழைத்தா. என்னையும் நிற்கச் சொன்னா.

“வீட்டில கோழி, புறா ஏதும் வளக்கிறீங்களோ?” என்று ஜமாலிடம் கேட்டா.

“இல்லை, டொக்டர்.”

“நெல்லை எங்க வைக்கிறனீங்கள்?”

“வீட்டிலதான். வீட்டுத்திட்டத்தில கட்டின வீடு, களஞ்சியம் இன்னும் கட்டேல்லை. முன் விறாந்தையிலயும் ஒரு அறையிலயும் மூட்டை அடுக்கியிருக்கு.”

“நல்லாக் காயாத நெல்லும் வருமோ?”

“மழைக்க வெட்டினது வரும். இவதான் அதை அவிட்டுக் கொட்டிக் கிளறிக் காயப் போடுவா. பூஞ்சணம் பிடிச்சதைப் புடைச்சு எடுக்கிறதும் இவதான்.”

சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். வைத்தியர், பூஞ்சணத்தின் தூசு சிலருடைய நுரையீரலுக்கு ஒத்துவராது என்றும், நாளாக நாளாகச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும் என்றும், எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம் என்றும் எளிமையாக விளக்கினா.

“நானும் அதே வீட்டிலதானே படுக்கிறன், டொக்டர். எனக்கு ஒண்டுமில்லையே?”

“எல்லாருக்கும் வராது. அது அவாவின்ர பிழையுமில்லை, உங்கட கெட்டித்தனமுமில்லை.”

“அப்ப புத்தளத்தில…”

“உங்கட மச்சாள் வீட்டில நெல் மூட்டை இருக்கோ?”

ஊரே மனவருத்தத்துக்குச் சாட்சியாகக் காட்டிய அந்த ஒரு விடயம், அத்தனை காலமும் நோயின் சாட்சியாகவே இருந்திருக்கிறது. எவரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் சரியாகத்தான் கவனித்திருந்தார்கள். அர்த்தத்தைத்தான் அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் நஸீரா அந்த அறையில் முதல் முறையாக வாய் திறந்தா. வைத்தியரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துக் கேட்டா.

“அப்ப எனக்கு விசர் இல்லைத்தானே, மிஸ்?”

எங்களுக்குக் கேட்டது இவ்வளவுதான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. தனக்குப் பைத்தியம் என்று ஊரார் சொன்னதை அவாவும் நம்பத் தொடங்கியிருந்தா என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முழுவதும் சுகமாகிவிட்டது என்று நான் சொன்னால் அது உண்மையாக இராது. மாத்திரை கொடுத்தார்கள். ஜமால் அந்தக் கிழமையே மூட்டை எல்லாவற்றையும் பரந்தனில் இருந்த ஒரு கூட்டாளியின் கடைக்கு ஏற்றிவிட்டார். பிறகு காணியின் மூலையில் வீட்டை விட்டுத் தள்ளிக் களஞ்சியம் கட்டினார். நஸீராவின் மூச்சு தேறியது. ஊதும் பரிசோதனையைக் கடைசி வரைக்கும் ஊதினா. ஆனால் அடுத்து எடுத்த ஸ்கானிலும் சில கறுப்புத் திட்டுகள் அப்படியே நின்றன. வேகமாக நடந்தால் இன்றைக்கும் அவாவுக்கு மூச்சு இளைக்கும்.

அந்த ஸ்கான் முடிந்து சில நாளில் ஜமால் தனியாக எக்ஸ்ரே பகுதிக்கு வந்தார். வவுனியாவில் ஏதோ வேலையாக வந்ததாகச் சொன்னார். வெளியே வாங்குப் பலகையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் கதவடியில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மிஸ், நீங்கள் படம் பாக்கிறனீங்கள். ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ, நானா.”

“கொஞ்ச இடம் இனித் திரும்பாது, தழும்பு மாதிரி நிண்டுட்டுது எண்டு டொக்டர் சொன்னவா. நான் தொடக்கத்திலயே நம்பியிருந்தா அந்தக் கொஞ்சமும் தப்பியிருக்குமோ?”

எங்களிடம் ஆட்கள் கேட்கும் கேள்விகளில் இப்படியும் சில வரும். இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் ஒருவருடைய வாயிலிருந்து வந்த உண்மையை நெடுங்காலம் எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இனி அந்த வீட்டுக்கு நானும் ஒரு பொய்யைக் கொடுத்தனுப்ப விரும்பவில்லை.

“எனக்குத் தெரியாது,” என்றேன். “எந்த இடம் எப்ப பழுதாப் போச்சுது எண்டு படம் சொல்லாது. தப்பியிருக்கலாம். தப்பாமலும் இருந்திருக்கலாம்.”

அவர் தலையாட்டினார்.

“அவ ஒருநாளும் கேக்கேல்லை, மிஸ். ஏன் நம்பேல்லை எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. பேசினாலாவது பரவாயில்லை.”

“நீங்கள் அவாவோட இதைக் கதைச்சனீங்களோ?”

“இல்லை.”

“இஞ்ச என்னட்டக் கேட்டதை அங்க போய்க் கேளுங்கோ. என்னை விட அவாவுக்குத்தான் கூடத் தெரியும்.”

அவர் வாசலைத் தாண்டி வெளியே போய், வெயிலில் நின்றபடி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அங்கிருந்து அவர் குரல் எனக்குக் கேட்டது.

“நஸீரா, நீ இப்ப வேலையாவோ? … ஒண்டுமில்லை. நான் வாறன். வந்து உன்னோட கொஞ்சம் கதைக்கவேணும்.”

நான் கதவைச் சாத்திவிட்டு, வாங்கில் இருந்த அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டேன்.